இடது கை உள்பக்கம்

கிரைண்டர் எந்தப் பக்கம் சுற்றும் என்ற கேள்வி, தங்கபுஷ்பம் மைதானத்தின் வாசலைத் தாண்டி நாலு எட்டு ஓடுவதற்குள் வந்து ஒட்டிக்கொண்டது. கல்யாணமான நாளிலிருந்து வாரம் இரண்டு முறை அதற்குள் கையை விட்டு மாவைத் தள்ளிக்கொடுப்பவள் அவள். ஆனாலும் வலமா இடமா என்று யாராவது இப்போது கேட்டால் பதில் இல்லை. கைக்காவது ஞாபகம் இருக்குமா என்று ஓடியபடியே காற்றில் மாவு தள்ளிப் பார்த்தாள். கையும் கைவிரித்தது. நல்லவேளை, எதிரே யாரும் வரவில்லை. இந்த மைதானத்தில் எதிரே யாரும் வருவதே இல்லை. தூத்துக்குடியில் விடிந்ததும் வீட்டைவிட்டு வெளியே வந்து ஆரோக்கியம் தேடுகிற அத்தனை பேரும் ஒரே திசையில்தான் சுற்றுகிறார்கள், வலது கை உள்பக்கம் இருக்கும்படி. அப்படித்தான் சுற்ற வேண்டும் என்று எந்தப் பலகையும் இல்லை. திருநீறு பூசியவர், ஜெபமாலை போட்டவர், தொப்பி வைத்தவர் என்று வேறுபாடில்லாமல், துருப்பிடித்த கோல் போஸ்ட் இரண்டை மூலவராக வைத்து எல்லாரும் பக்தியோடு வலம் வருகிறார்கள். கடிகார முள்ளும் அப்படித்தானே சுற்றுகிறது. அதற்கு முன்னால் வெயில் கடிகாரத்தின் நிழல் அப்படித்தான் சுற்றியதாம், எங்கேயோ படித்திருக்கிறாள். ஆக சூரியனே இவர்கள் கட்சி. ஏழு மாதத்துக்கு முன்புவரை எதிர்க்கட்சி என்று ஒருத்தி இருந்தாள். அவள் இப்போது கூட்டத்தோடு கூட்டமாக, எல்லாருடைய முதுகையும் பார்த்துக்கொண்டு, மெதுவாக, ரொம்ப மெதுவாக ஓடிக்கொண்டிருந்தாள். இன்றைக்கு ஒரு சுற்று. நடக்காமல் ஒரே ஒரு முழுச் சுற்று. ஒருகாலத்தில் பத்துச் சுற்று ஓடிவிட்டு, குளித்து, இட்லி அவித்து, தபால் ஆபீஸ் கவுண்டரில் எல்லாருக்கும் முன்னால் போய் உட்கார்ந்தவளுக்கு இது ஒரு லட்சியமா என்று கேட்டால், ஆமாம், இதுதான் லட்சியம். நேற்றும் முந்தாநாளும் அதற்கு முந்தின நாளும் அது முடியவில்லை. மூன்று நாளும் ஒரே இடத்தில், கேலரிக்கு எதிரே, ஓட்டம் நடையாகிவிட்டது. இன்றும் ஆகிவிட்டால் ஷூ போய்விடும். நேற்று ராத்திரி சாப்பிடும்போது கணவர் ஜெயசீலன், குழம்பு ஊற்றிக்கொள்கிற சாக்கில், "சகாயம் மக என்.சி.சி.ல சேந்திருக்காளாம். ஷூ வாங்கணும்னுச்சு. உன் கால் அளவுதான். சும்மாதான கெடக்கு, குடுத்துருவோமா?" என்றார். சும்மா கிடக்கவில்லை, மூன்று நாளாக அவள் காலில் கிடக்கிறது என்பது அவருக்கும் தெரியும். அவள் சண்டை போடவில்லை. "நாளைக்குச் சொல்லுதேன்" என்றாள். அந்த நாளைதான் இது.

ஷூவின் அடிப்பாகம் இடது காலில் மட்டும் லேசாக வாய் திறந்து, ஒவ்வொரு எட்டுக்கும் சப், சப் என்று ஏதோ சொல்லிக்கொண்டு வந்தது. முத்திரை குத்துகிற சத்தம் போலத்தான், ஆனால் ஒன்றுவிட்டு ஒன்று, ஒரு காலுக்கு முத்திரை உண்டு, மறு கால் தபால்தலை ஒட்டாத கடிதம். மேற்கே உப்பளப் பக்கமிருந்து காற்று வந்தது. உதட்டை நக்கினால் கரிக்கும். மூச்சு இதுவரை ஒழுங்காக இருக்கிறது. மூச்சு ஒழுங்காக இருக்கிறது என்று நினைத்த உடனே ஒழுங்கு கெட்டது. மூச்சைப் பற்றி நினைக்கக் கூடாது, வயிற்றைப் பற்றியும் நினைக்கக் கூடாது. வயிறு. தொப்புளுக்குக் கீழே, பாவாடை நாடா விழும் இடத்துக்கும் கீழே, அங்கே ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாத இடம் எப்படி வலிக்கும்? வலிக்கவில்லைதான். வலிக்கப்போகிறதா என்று காத்திருப்பதே ஒரு வலி மாதிரி இருக்கிறது. பொங்கல் கழிந்த வாரத்தில் கர்ப்பப்பையை எடுத்தார்கள். எடுத்ததை ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் வைத்து வெளியே கொண்டுபோய், வாசலில் நின்ற ஜெயசீலனைக் கூப்பிட்டுக் காட்டினார்களாம். அது ஆஸ்பத்திரி வழக்கம், எடுத்தோம் என்பதற்குச் சாட்சி. இவளுக்கு யாரும் காட்டவில்லை. இரண்டு பிள்ளைகளைச் சுமந்தது, இவளுடைய சாமான், பார்த்தவர் அவர். வீட்டுக்கு வந்த பிறகு ஒருநாள் கேட்டாள்: "எப்படி இருந்துச்சு?" அவர் பேப்பரை மடித்தார், விரித்தார். "சின்னதாத்தான் இருந்துச்சு" என்றார். அன்றிலிருந்து அவர் அவளைக் கண்ணாடிப் பாத்திரம் மாதிரி பார்க்கிறார். தண்ணீர்க் குடத்தைத் தொட விடுவதில்லை. ஸ்கூட்டரில் வேகத்தடை வந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போய்விடுவாரோ என்று பயமாக இருக்கும். பார்க்க வந்த பெண்கள் ஆளுக்கு ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆளுக்கு ஒரு கதையும் கொண்டுவந்தார்கள். திருச்செந்தூரில் ஒருத்தி மாடி ஏறினாளாம், தையல் விட்டுப்போச்சாம். கோவில்பட்டியில் ஒருத்தி தும்மினாளாம். அந்தக் கோவில்பட்டிக்காரி தும்மிய பிறகு என்ன ஆனாள் என்று யாருக்கும் தெரியவில்லை; ஆனால் தங்கபுஷ்பம் அப்புறம் ஒரு மாதம் தும்மலை மூக்கிலேயே பிடித்து நிறுத்தி, தலைவலி வாங்கிக்கொண்டாள். டாக்டர் சின்னப் பெண், மகள் வயதுதான் இருக்கும். எப்போது ஓடலாம் என்று கேட்டதற்கு, "எதுக்கு ஓடணும்?" என்று சிரித்தாள். அப்புறம் இவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "மூணு மாசம் போகட்டும்மா. அப்புறம் மெதுவா ஓடுங்க, ஒண்ணும் ஆகாது" என்றாள். மூன்று மாதம் ஏப்ரலிலேயே முடிந்தது. மிச்ச மாதங்களுக்கு டாக்டர் பொறுப்பில்லை. ஏப்ரலில் மகள் பெங்களூரிலிருந்து வந்திருந்தாள். மே மாதம் கத்திரி வெயில். ஜூனில் ஆபீஸில் ஆள் குறைவு. ஜூலையில் மாதா கோவில் கொடியேற்றம், ஊரெல்லாம் கூட்டம். கொடியேற்றத்துக்கும் மைதானத்துக்கும் என்ன சம்பந்தம், இவள் அந்தக் கோவில் சபைகூட இல்லை. சாக்கு தேடுகிறவளுக்கு எம்மதமும் சம்மதம்.

கொடிக்கம்பம் போல நின்ற விளக்குத்தூண் கடந்தது. இனி வளைவு, வளைவு முடிந்தால் தண்ணீர்த்தொட்டி, அப்புறம் கேலரி. வலப்பக்கமாக வளைவது இன்னும் பழகவில்லை; எழுதுகிற கையை மாற்றிக்கொண்டது மாதிரி உடம்பு தடுமாறுகிறது. பள்ளிக்கூடத்தில் குளோரி டீச்சர் விசிலை வாயிலிருந்து எடுக்காமலே கத்துவாள், "இடது கை உள்பக்கம்!" உலகத்தில் எந்த ஓட்டப்பந்தயமும் அப்படித்தான், பூமியில் எந்த மூலையில் போய் ஓடினாலும் இடது கை உள்பக்கம். ஏன் என்று தங்கபுஷ்பம் பெரியவளான பிறகு தேடிப் படித்தாள். இதயம் இடதுபக்கம் இருப்பதால் என்றார் ஒருவர். வலது கால் பலமானது, வெளிவட்டம் அதற்குச் சுலபம் என்றார் இன்னொருவர். பூமி சுழல்வதால் என்று ஒருவர் எழுதியிருந்தார்; பூமியை இழுத்துவிட்டால் எதையும் நிரூபித்துவிடலாம். ஆகமொத்தம் யாருக்கும் தெரியவில்லை, எல்லாரும் ஓடுகிறார்கள். கல்யாணத்தோடு நின்ற ஓட்டத்தை நாற்பது வயதில் திரும்ப எடுத்தபோது, அவள் இந்த மைதானத்தில் யோசிக்காமல் இடப்பக்கம் திரும்பிவிட்டாள், அவ்வளவுதான். புரட்சி எல்லாம் நோக்கமில்லை. ஆனால் எதிர்த்திசையில் ஓடினால் ஒரு விஷயம் நடக்கும்: ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொருவர் முகத்தையும் ஒரு முறையாவது பார்த்தாக வேண்டும். அவர்களும் உன் முகத்தைப் பார்ப்பார்கள். வேர்வை, சிவந்த மூக்கு, நெற்றியில் ஒட்டிய முடி, எல்லாம். நின்றால் ஊருக்கே தெரியும். அதனால்தான் அவள் நின்றதே இல்லை. முதல் வருஷம் சிரித்தார்கள், இரண்டாம் வருஷம் வழி விட்டார்கள், அதற்கப்புறம் அவள் வராத நாளில் மைதானத்துக்குக் கடிகாரம் கெட்டுவிட்டது என்று மருந்துக்கடைக் கந்தவேல் சொன்னாராம். அதைக் கேட்டு இரண்டு நாள் அவளுக்குத் தரையில் கால் படவில்லை. அந்தப் பெருமை, வெளியே சொல்ல முடியாத பெருமை, பிறந்த வீட்டிலிருந்து சீதனமாக வந்தது அல்ல, சம்பளக் கமிஷன் கொடுத்தது அல்ல, தன் இரண்டு காலால் சம்பாதித்தது. அதை வைத்துக்கொண்டுதான் இப்போது வலமாக ஓடுகிறாள். முதுகுகளுக்குப் பின்னால். நின்றாலும் யாருக்கும் தெரியாத திசையில்.

முதுகுகள். தண்ணீர்த்தொட்டி தாண்டியதும் முன்னால் வந்துவிட்டன, நாலு முதுகு, பாதையின் அகலத்தை அளந்து நிரப்பிக்கொண்டு. ராஜமணி சார் குழு. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் நடுவில், ஒருபக்கம் கந்தவேல், மறுபக்கம் மின்வாரியத்துக்காரர் இருவர். இவர்கள் நடப்பதே பேசுவதற்கு. கால் என்பது வாய்க்கு ஒரு வண்டி. "பித்தப்பையில கல்லுன்னான். அளவு சொன்னான். நான் கேட்டேன், டாக்டரே, உள்ள இருக்குறத டேப்பு வச்சா அளந்தீருன்னேன்" என்று ராஜமணி சார் சொல்ல, மற்ற மூன்று முதுகும் குலுங்கின. தங்கபுஷ்பம் தொண்டையைச் செருமினாள். கேட்கவில்லை. "கொஞ்சம் வழி" என்றாள். அதுவும் கேட்கவில்லை, ஏனென்றால் அவள் அதைக் கேட்கிற மாதிரி சொல்லவில்லை. கேலரியின் முதல் படி கண்ணில் பட்டது. ஓட்டத்தைச் சுருக்கினாள், இன்னும் சுருக்கினாள், நடந்தாள். சப் சப் நின்றது. அப்பாடா என்று இருந்தது. என்ன செய்வது, மறித்துக்கொண்டு போகிறார்கள், பெரியவர்கள், இடித்துவிட்டா போக முடியும், நேற்றும் இப்படித்தான், முந்தாநாளும். முந்தாநாளும்? அந்த இடத்தில் நினைப்பு, புடவைத் தலைப்பு ஆணியில் மாட்டிக்கொண்ட மாதிரி, சுண்டி நின்றது. மூன்று நாளும் இதே நாலு பேர். மூன்று நாளும் இதே கேலரி. அவர்கள் ஒரே நேரத்துக்கு வருகிறவர்கள், ஒரே வேகத்தில் போகிறவர்கள். அவர்களைக் கேலரியில் பிடிக்கிற மாதிரி கணக்காகப் புறப்படுகிறவள் யார்? வாசலில் ஷூ நாடாவை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டு நின்றது யார்? மூச்சு முட்டவில்லையே. விலாவில் பிடிக்கவில்லை. வயிறு, ஆமாம் வயிறு, அதைப் பற்றிக் கொஞ்ச நேரமாக நினைப்பே இல்லையே. பித்தப்பைக் கல் கதையைக் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறாள், தன் உடம்பில் ஒரு குறையும் இல்லாமல். தும்மினால் தையல் விடும் என்று பயந்தவள் நாலு கிழவர்களின் முதுகில் சாய்ந்து ஓய்வெடுக்கிறாள். ஏட்டி தங்கபுஷ்பம், நீ நல்ல கள்ளி.

வெட்கப்படுவதற்குப் பதிலாக அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு, எங்கிருந்தோ, அந்த ஃபேன் வந்தது. ஆபரேஷன் முடிந்து வார்டில் கண் விழித்தபோது முதலில் தெரிந்தது ஜெயசீலன் முகமல்ல, மகள் அல்ல, தலைக்கு மேலே அழுக்குப் படிந்த ஒரு மின்விசிறி. மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது, தள்ளாடிக்கொண்டு, கிறுக்கென்று ஒரு முனகலோடு. அவள் படுத்தபடியே அதன் ஒரு இறக்கையைக் கண்ணால் பிடித்து அதோடு கூடவே போனாள், ஜன்னலிலிருந்து கதவுக்கு, கதவிலிருந்து சுவருக்கு, திரும்ப ஜன்னலுக்கு. போகப்போகத் தெரிந்தது, இடப்பக்கம், இது இடப்பக்கமாகச் சுற்றுகிறது, என் பக்கம். மயக்க மருந்தின் மிச்சத்தில் அவள் ஏதோ சொல்லியிருக்கிறாள். "ஏழாவது சுற்றுன்னு சொன்ன தங்கம், என்னன்னு புரியல" என்று ஜெயசீலன் பிறகு சொன்னார். புரியாததற்கு என்ன இருக்கிறது, ஓடிக்கொண்டிருந்தாள். உடம்பு தைத்துப்போட்ட சாக்கு மாதிரி கட்டிலில் கிடந்த நேரத்திலும் ஒருத்தி மேலே இடப்பக்கமாக ஓடிக்கொண்டிருந்தாள். அவளைத்தான் மூன்று நாளாக முதுகுகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறாள். ராஜமணி சார் குழு கல்லிலிருந்து பென்ஷனுக்குப் போய்விட்டது. தங்கபுஷ்பம் நின்றாள். துப்பட்டாவைக் குறுக்கே இழுத்து இடுப்பில் முடிந்தாள். கேலரியின் முதல் படியைப் பார்த்தாள், இங்கிருந்து இங்கே, ஒரு சுற்று, என்று அதற்குச் சொன்னாள். பிறகு திரும்பினாள்.

திரும்பியதும் முகங்கள். திருவிழாக் கூட்டத்தில் விளக்குப் போட்ட மாதிரி ஒரே நேரத்தில் அத்தனை முகங்கள். கண்ணாடிக்காரர், மங்கி குல்லாக்காரர், கையை முன்னும் பின்னும் தட்டிக்கொண்டு போகும் அம்மாள், காதில் போனோடு யாரையோ திட்டிக்கொண்டு வரும் நகைக்கடைக்காரர். இவளைக் கண்டதும் ஒவ்வொரு முகத்திலும் ஒரு சின்ன வேலை நடந்தது, அடையாளம் கண்டுகொள்கிற வேலை. பிறகு ஆள் ஒதுங்கினார். வாயைத் திறக்க வேண்டியிருக்கவில்லை. எதிரே வருகிறவளுக்கு வழி தானாகக் கிடைக்கிறது, பின்னால் வருகிறவள்தான் கெஞ்ச வேண்டியிருக்கிறது. இதை யாரும் எழுதி வைக்கவில்லையா, எழுதியிருக்க வேண்டுமே. வளைவு வந்தது. இடது தோள் தானாகத் தணிந்தது, வலது கால் தானாக நீண்டது, உடம்பு ஒரு பழைய பூட்டில் சாவி மாதிரி வளைவுக்குள் போய்ப் பொருந்தித் திரும்பியது. அப்புறம்தான் விலாவில் பிடித்தது, நிஜமான பிடிப்பு, முட்டியிலும் ஒரு முனகல். வலிக்கட்டும். இது ஓடுகிறவளுக்கு வருகிற வலி, கோவில்பட்டிக்காரி வலி இல்லை. விளக்குத்தூண். எதிரே சகாயம் வந்துகொண்டிருந்தாள், அதே தபால் ஆபீஸில் பக்கத்துக் கவுண்டர்க்காரி, மூச்சிரைக்க நடந்து. "ஏட்டி தங்கம்! ஒனக்குக் கிறுக்கா? எதுக்க வாரியே, வயித்துல கத்தி போட்டவ ஓடுத ஓட்டமா இது?" என்று கையை விரித்து மறித்தாள். தங்கபுஷ்பம் அந்தக் கைக்குக் கீழே குனிந்து போனாள். "ஷூவுக்குச் சொல்லிருந்தேனே, அண்ணாச்சி கேட்டாவளா?" என்று முதுகுக்குப் பின்னால் சத்தம் வந்தது. "வேற வாங்கிக் குடுட்டி!" என்று திரும்பாமலே கத்தினாள். கத்தியதில் பாதி மூச்சு போய்விட்டது. போனால் போகட்டும், நல்ல செலவு.

வாசல். ஜெயசீலன் இன்னும் வரவில்லை. மீன் வாங்கப் போனவர் சாளைக்கும் நகரைக்கும் நடுவே நின்று யோசித்துக்கொண்டிருப்பார். வாசலைத் தாண்டிய கொஞ்சத் தூரத்தில் அந்த நாலு பேர், இந்தமுறை முதுகு இல்லை, நாலு முகம், நடுவில் ராஜமணி சாரின் வெள்ளை மீசை. அவர்கள் பாதையை நிரப்பிக்கொண்டுதான் வந்தார்கள். அவள் நேராக அந்த மீசையைப் பார்த்து ஓடினாள். கால் கனத்தது, சப் சப் பெருத்தது, வாயில் உப்புக் கரித்தது, இப்போது நின்றால் ஊருக்கே தெரியும், இப்போது நின்றால் ஊருக்கே தெரியும் என்று அதே தாளத்தில் தலைக்குள் ஒன்று ஓடியது, அது பயமா பெருமையா என்று பிரித்துப் பார்க்க நேரமில்லை. "என்னம்மா தங்கபுஷ்பம், வண்டி ரிவர்ஸ்ல வருது?" என்றார் ராஜமணி சார் தூரத்திலேயே. "இது ஒன்வேம்மா!" என்றார் மின்வாரியத்துக்காரரில் ஒருவர். "இல்ல சார்," என்றாள், ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மூச்சு, "நீங்கதான், எல்லாரும், எதிர்த்திசை." கந்தவேல் பெரிதாகச் சிரித்தார். "சார், ஒதுங்குங்க, கடிகாரம் ஓட ஆரம்பிச்சிட்டு!" என்று தலைமையாசிரியரின் கையைப் பிடித்து இழுத்தார். சுவர் இரண்டாகப் பிளந்தது, நடுவே அவள் போனாள், பவுடர் வாசனைக்கும் நீலகிரித் தைல வாசனைக்கும் ஊடாக. போகும்போது ராஜமணி சார் கைத்தடியைத் தூக்கி நெற்றியில் வைத்து ஒரு சல்யூட் அடித்தார். கேலியாகத்தான் அடித்தார். ஆனால் கேலிக்குத் தேவையானதைவிடக் கொஞ்ச நேரம் அதிகமாகக் கை அங்கேயே இருந்தது.

அதன் பிறகு அவள் கிரைண்டரைப் பற்றி யோசித்தாள். கையைக் காற்றில் விட்டுப் பார்க்கவில்லை. கேள்வி மட்டும் பக்கத்தில் ஓடி வந்தது, ஒரு நாய்க்குட்டி மாதிரி, தொந்தரவில்லாமல். சாயங்காலம் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். சாயங்காலம் அரிசி ஊறப்போட வேண்டும், இடது ஷூவுக்குப் பசை போட வேண்டும், அந்தக் கிண்ணத்தைப் பற்றி அவரிடம் இன்னொரு தடவை கேட்க வேண்டும், சின்னதாக என்றால் எவ்வளவு, ஒரு மாங்காய் அளவா, ஒரு கை அளவா, என்னுடையதுதானே, நான் தெரிந்துகொள்கிறேன். பேசிவிட்டால் அவருக்கும் பாரம் இறங்கும்; பார்த்ததை ஏழு மாதமாக ஒரு ஆள் தனியாகத் தூக்கிக்கொண்டு அலைகிறார். பயந்தது இவள் மட்டுமில்லை. விளக்குத்தூண் வந்தபோது அவளுக்கு ஒரு சந்தேகம் வந்தது. விளக்குத்தூண் எப்படி வரும்? கேலரிக்கு அப்புறம் தண்ணீர்த்தொட்டி, வளைவு, அதற்கப்புறம்தானே விளக்குத்தூண்? கேலரி எங்கே போயிற்று? தலையைத் திருப்பிப் பார்த்தாள். கேலரி பின்னால், வளைவுக்கும் அந்தப்பக்கம், அதன் முதல் படியில் யாரோ உட்கார்ந்து ஷூ நாடா கட்டிக்கொண்டிருந்தார்கள். சுற்று முடிந்துபோயிருந்தது. மூன்று நாள் பாடுபட்டு, ஷூவைப் பணயம் வைத்து, லட்சியம் என்று பெயர் வைத்த அந்த ஒரு சுற்று, அவள் மாங்காய் அளவை யோசித்துக்கொண்டிருந்தபோது காலடியில் முடிந்து, சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டிருந்தது.

வாசலில் ஸ்கூட்டர் நின்றது. ஜெயசீலன் அதன்மேல் உட்கார்ந்தபடி, கைப்பிடியில் மீன் பை தொங்க, என்ஜினை அணைக்காமல், வழக்கம்போல அவள் வரவேண்டிய பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், வலம் வருகிறவர்கள் வரும் பக்கத்தை. அவள் மறுபக்கமிருந்து வந்தாள். சப் சப் கேட்டுத் திரும்பினார். முகத்தில் முதலில் பதற்றம் வந்தது, கால் தரையில் ஊன்றியது, "தங்கம், பாத்து, பாத்து—" என்று வாய் ஆரம்பித்தது. ஏழு வருஷம் காலையில் இதே வாசலில் இதே முகத்தை எதிரே வரப் பார்த்தவர் அவர். அதுவும் அவருக்கு இப்போதுதான் ஞாபகம் வந்திருக்க வேண்டும், ஏனென்றால் வாக்கியம் முடியவில்லை. தங்கபுஷ்பத்துக்குப் பேச மூச்சு இல்லை. வேகத்தைக் குறைக்காமல் ஒரு விரலைத் தூக்கிக் காட்டினாள்: இன்னும் ஒன்று. தாண்டிப் போய்விட்டாள். பின்னால் என்ஜின் சத்தம் நின்றது. பிறகு, அவர் இறங்கி வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி நிறுத்துகிற சத்தம்.